இணையவழி ஆங்கில வியாசப் பயிற்சி

அமெரிக்க நாட்டுக் கலாசாலைகளிற் பெரும்பாலானவற்றில், எத்துறையைச் சிறப்பாகப் பயில விழைந்து சேரும் மாணாக்கரும் முதலாண்டில் ஆங்கில வியாசப் பயிற்சி என்னும் பாடத்தைக் கற்றே தீரவேண்டும். பொறியியல் கற்பாரும் வணிகம் கற்பாரும் இதற்கு விலக்கல்லர். அண்மைக் காலத்தில் இப்பாடம் வகுப்பறையில் மட்டுமன்றி இணையத்தின் வாயிலாகவும் கற்பிக்கப்படுகின்றது. கடல் கடந்து செல்லாமலே விடுதியறையிலிருந்தபடி இதனைப் பயிலலாம் என அறிந்து, நம் கலாசாலை மாணாக்கர் பலர், சிறப்பாகத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர், இதனைப் பற்றி எம்மிடம் வினவலாயினர். யாமும் எம் நண்பர் இருவரும் சென்ற ஆண்டில் எவரும் சேரத்தக்க அத்தகைய பொது வகுப்பொன்றிற் பயின்றோம். ஆதலின் இப்பயிற்சி இன்னதென்பதையும், இதனாற் பெறலாவது யாதென்பதையும், பெற இயலாதது யாதென்பதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இப்பாடத்தின் பெயரைக் கேட்டவுடன், அஃது ஆங்கில இலக்கணத்தையும் சொற்பெருக்கத்தையும் புகட்டுவதென்று கருதுவார் பலர். அது பொருந்தாது. வினைச்சொல் காலங்காட்டும் முறையை மாணாக்கன் முன்னரே அறிந்திருப்பான் என்றோ, வேண்டியபோது தானே தேடிக்கொள்வான் என்றோ ஆசிரியர் கருதுகின்றனர். இதிற் கற்பிக்கப்படுவது பிறிதொன்று. தான் கருதியதொன்றை, தன்னை அறியாத ஒருவர் படித்து ஏற்கவோ மறுக்கவோ இயலுமாறு எழுதுதலும், எழுதியதை அவர் கண்கொண்டு மீண்டும் நோக்கித் திருத்தி எழுதுதலுமே அது. இதனை உளங்கொண்டால் இப்பாடத்தின் மற்றை உறுப்புக்கள் தாமே விளங்கும்.

இதன் வரலாறு சுவையுடையது. 1874-ஆம் ஆண்டில் ஹார்வர்டு கலாசாலை, தன்பாற் சேர விரும்புவோர் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வியாசம் எழுதவேண்டும் என விதித்தது. அதுகாறும் இலத்தீனும் கிரேக்கமுமே கற்றார்க்கு அணியெனக் கருதப்பட்டன. தாய்மொழியில் எழுதுதல் தானே வரும் என விட்டிருந்தனர். நல்ல பள்ளிகளிற் பயின்று வந்த இளைஞர் பலரும் தம் சொந்த மொழியிற் பிழையற ஒரு பக்கம் எழுதமாட்டாதிருந்தமை அத்தேர்வினால் வெளிப்பட்டது. ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்னும் பேராசிரியர் இக்குறை தீர்க்க அமைத்த பாடம் 1885-ல் முதலாண்டு மாணாக்கர்க்குரியதாயிற்று. அவருடன் பணியாற்றிய பாரெட் வெண்டல் என்பார், மாணாக்கர் நாள்தோறும் ஒரு சிறு பக்கம் எழுதித் தருமாறு செய்தார். பிற கலாசாலைகளும் இம்முறையைத் தழுவின. தாய்மொழி என்னும் காரணத்தால் எழுத்து வந்துவிடாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்தமை நாம் குறித்துக்கொள்ளத் தக்கது. (தமிழைத் தாய்மொழியாக உடைய நாம் தமிழ் வியாசத்தைத் திருத்தி எழுதுதற்கு வாரத்தில் எத்துணை நாழிகை ஒதுக்குகின்றோம் என்று ஈண்டு வினவப் புகின், இக்கட்டுரை வேறு வழிச் செல்லும்.)

நெடுங்காலம் இப்பாடம் சிவப்பு மையின் ஆட்சியில் இருந்தது. மாணாக்கன் எழுதுவான், ஆசிரியர் பிழைகளைக் கோடிட்டுத் திருப்பித் தருவார், அவன் மதிப்பெண்ணை மட்டும் நோக்கித் தாளை மடித்து வைப்பான். இந்நிலை மாறியமைக்குக் காரணமானோருள் ஒருவரை மட்டும் கூறுவோம். நியூயார்க் நகரக் கலாசாலை 1970-ல் தன் கதவுகளை அகலத் திறந்து, அதுவரை கலாசாலைக் கல்வியை எண்ணவும் இயலாதிருந்த எளியோரையெல்லாம் சேர்த்துக்கொண்டது. அவர்தம் எழுத்தைக் கண்ட ஆசிரியர் பலர் கைவிட்டனர். மைனா ஷாஹ்னெசி என்னும் அம்மையாரோ, அம்மாணாக்கர் எழுதிய ஏறத்தாழ 4,000 வியாசங்களைப் பொறுமையுடன் ஆராய்ந்து, அவற்றிலுள்ள பிழைகள் மடமையாலோ சோம்பலாலோ விளைந்தவை அல்ல, ஒவ்வொன்றன் பின்னும் ஒரு நியாயம் உண்டு என 1977-ல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். நமக்கு இது பெரிதும் பயன்படுவது. ஆங்கிலத்திற் பெயர்க்குமுன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்களை நம்மவர் விட்டுவிடுதலும் வேண்டாதவிடத்துப் பெய்தலும் தமிழில் அவற்றுக்கு நேரான உறுப்பு இன்மையால் நேர்வன. காரணம் தெரிந்த பிழையைத் திருத்துதல் எளிது. நாணுதற்கு அதில் ஒன்றுமில்லை.

நிற்க. இணையவழிப் பாடம் இருவகைப்படும். ஒன்று, கலாசாலையிற் பதிவுசெய்து, கட்டணஞ் செலுத்தி, பட்டத்திற்குரிய அலகுகளைப் பெறுதற்காகப் பயில்வது. மற்றொன்று, எவரும் சேரத்தக்க பொது வகுப்பு. முன்னையது பெரும்பாலும் மூன்று அலகுகள் கொண்டது. அந்நாட்டு விதிப்படி ஓரலகு என்பது, ஏறத்தாழப் பதினைந்து வாரம், வாரத்திற்கு ஒரு மணி நேரப் பாடமும் குறைந்தது இரண்டு மணி நேரத் தனிப்பயிற்சியுமாம். எனவே மூன்று அலகிற்கு வாரம் 9 மணி, ஆக 135 மணி நேர உழைப்பு வேண்டும். இதே பாடத்தை எட்டு வாரத்தில் முடிக்குமாறு சுருக்கி நடத்துவதும் உண்டு. அப்போது வாரத்திற்கு ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். 'இணையவழிப் பாடந்தானே, ஓய்ந்த வேளையிற் படிக்கலாம்' என எண்ணிச் சேர்வோர் இக்கணக்கை முன்னரே போட்டுப் பார்த்தல் நலம். வேளை நம் விருப்பத்தது. அளவு நம் விருப்பத்ததன்று.

இனி, கற்பிக்கும் முறையை நோக்குவோம். முதலில் மாணாக்கன் தன் வியாசத்திற்கு ஒரு துணிபு காணவேண்டும். பொருள் வேறு, துணிபு வேறு. 'விடுதியில் இணையம்' என்பது பொருள். 'இணையத்தால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்பது துணிபு போலத் தோன்றினும் துணிபன்று. அதனை மறுப்பார் எவருமிலர் ஆதலின் நாட்டுதற்கு அதில் ஒன்றுமில்லை. 'விடுதியில் இரவு 10 மணிக்குமேல் இணையத்தை நிறுத்துவதால் மாணாக்கர் முன்னதாக உறங்கார். பகலிற் செய்யவேண்டிய வேலையையே குறைப்பர்' என்பது துணிபு. இதனை விடுதிக் காப்பாளர் மறுக்கலாம். மறுக்கலாம் என்பதனாலேயே இதற்குச் சான்று வேண்டும். சான்று வேண்டும் என்பதனாலேயே பத்திகள் பிறக்கின்றன. பத்தியைப் பற்றி 1866-லேயே அலெக்சாண்டர் பெயின் என்னும் ஸ்காட்லாந்து ஆசிரியர் விதிகள் வகுத்தார். ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதனைத் தெரிவிக்கும் தலைமை வாக்கியம், அதனின்றும் பிறழாமை என்னும் அவர் கொள்கை இன்றும் பெரும்பாலும் நின்று நிலவுகின்றது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனப் பள்ளியில் நாம் பழகிய வடிவத்தை ஒத்ததொன்று அமெரிக்கப் பள்ளிகளிலும் உண்டு. அதனை ஐந்து பத்தி வியாசம் என்பர். முதற்பத்தியில் மூன்று காரணம் கூறி, அடுத்த மூன்று பத்திகளில் அவற்றை ஒவ்வொன்றாக விரித்து, இறுதிப் பத்தியில் அம்மூன்றையும் மறுபடி கூறுவது அதன் வடிவம். கலாசாலைப் பாடத்தின் முதல் வாரங்கள் பெரும்பாலும் இவ்வச்சை உடைப்பதிலேயே கழிகின்றன. எல்லாப் பொருளுக்கும் காரணம் மூன்றாகவே அமையும் என்பது என்ன நியாயம்?

இப்பாடத்தின் உயிர்நிலை இதற்குப் பின்னரே வருகின்றது. முதல் வரைவை எழுதி முடித்தவுடன் மதிப்பெண் கிடைப்பதில்லை. அது வேறொருவர் கைக்குச் செல்கின்றது. எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் பனையேறுவோர் குடியிற் பிறந்தவர். கருப்பட்டிக்குக் கிடைக்கும் விலையில் ஏறுபவர் கைக்கு வருவது மிகக் குறைவென்பதைத் துணிபாகக் கொண்டு அவர் ஒரு வியாசம் எழுதினார். அதனைப் படிக்க நேர்ந்தவர் பனை மரத்தையே கண்டறியாத வேற்று நாட்டார் ஒருவர். அவர் எழுதிய மறுமொழி இரண்டு வினாக்களே: 'இவர் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறுவது ஏன்? கலயத்திற் சுண்ணாம்பு தடவுவது எதற்கு?' எம்மூரார் எவர்க்கும் இவ்வினாக்கள் தோன்றா. பாளையை நாள்தோறும் இருமுறை சீவாவிடிற் சீவிய வாய் காய்ந்து பதநீர் வடிவது நின்றுவிடும். சுண்ணாம்பு இல்லையேற் பதநீர் புளித்துக் கள்ளாகும். இவ்விரண்டையும் விளக்கி நண்பர் இரண்டாம் வரைவை எழுதியபோது, வியாசத்தின் துணிபே வலிமை பெற்றது. ஏறுபவர் ஒரு நாளும் ஓய்ந்திருக்க இயலாது என்பதும், பருவம் முழுதும் அவர் மரத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பதும், ஆதலின் விலை பேசச் சந்தைக்குச் செல்ல அவர்க்குப் பொழுதில்லை என்பதும் தாமே வெளிப்பட்டன. முதல் வரைவில் விலைக் கணக்கு மட்டும் இருந்தது. இரண்டாவதில் அக்கணக்கின் காரணமும் வந்தது. அவ்வயலாரை நண்பர் இன்றுவரை கண்டதில்லை. அவர் ஆங்கிலமும் நம் ஆங்கிலத்தினும் சிறந்ததன்று. எனினும் அறியாதவர் என்னும் தகுதியினாலேயே அவர் சிறந்த ஆசிரியரானார்.

தமிழ் பயில்வார்க்கு இது புதுமையன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் பாடங்கேட்கும் முறையை உரைக்குமிடத்து, ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்ளினும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலாற் பிறிதொரு காற்பங்கு வரும் என்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் கணக்கிட்டார். அன்றியும், அவர் தொகுத்த பத்துக் குற்றங்கள் பிறர் வரைவைப் படிக்குங்கால் எமக்குக் கைவிளக்காயின. 'இது நன்றாயில்லை' என்று எழுதுவதினும், 'மூன்றாம் பத்தியில் மற்றொன்று விரித்தல் உளது', 'இறுதிப் பகுதி சென்று தேய்ந்து இறுகின்றது' என்னும் கருத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதியபோது, எதிரே இருந்தவர்க்கு அது பயன்பட்டது. நன்னூலை மனனஞ் செய்தார் அதனை இவ்வாறும் பயன்படுத்தலாம் என்பதை நம் இளைய வகுப்பினர் அறிதல் நன்று.

ஆனால் எல்லா வாசகரும் பனை வினாவினார் போன்றவர் அல்லர். ஈண்டே இணையவழிப் பாடத்தின் மெலிவு உளது. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை, கோர்செரா என்னும் தளத்தின் வாயிலாக ஆங்கில வியாசப் பொது வகுப்பொன்றைத் தொடங்கியது. டெனிஸ் கோமர் என்னும் பேராசிரியை அதனை நடத்தினார். 80,000-க்கும் மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்தும் பதிவு செய்தனர். அத்துணைப் பேர் எழுத்தையும் ஓர் ஆசிரியர் படித்தல் எங்ஙனம் இயலும்? ஆகவே மாணாக்கர் ஒருவர் வரைவை ஒருவர் படித்து மறுமொழி கூறும் முறையையே அவ்வகுப்பு ஆதாரமாகக் கொண்டது. சேர்ந்தோருள் இறுதிவரை நின்றோர் மிகச் சிறு பங்கினரே. பொது வகுப்புக்கள் பெரும்பாலனவற்றின் நிலையும் அஃதே. யாம் பயின்ற வகுப்பிலும், தொடக்கத்தில் எம் வரைவுக்கு நால்வர் மறுமொழி எழுதினர்; இறுதி வியாசத்திற்கு ஒருவரே எழுதினார்; அவர் எழுதியதும் 'மிக நன்று' என்னும் இரண்டு சொற்களே. அச்சொற்களைக் கொண்டு எவ்வாக்கியத்தைத் திருத்துவது?

இதனோடு ஒப்பிட, அலகு பெறும் வகுப்பின் நிலையை நோக்குக. வியாச ஆசிரியர்க்கென 1949-ல் அமெரிக்காவில் தோன்றிய சங்கம், ஒரு வகுப்பில் 20 மாணாக்கர்க்கு மேற் கூடாது என்றும், 15 பேரே இருத்தல் சிறந்தது என்றும் அறிவுறுத்தியுள்ளது. இவ்வெண் பொருளற்றதன்று. ஒரு வரைவைக் கருத்தூன்றிப் படித்து மறுமொழி எழுத அரைமணி நேரம் ஆகும் எனக் கொண்டால், 20 பேர்க்குப் பத்து மணி நேரம். நாற்பது பேராயின் ஆசிரியர் படிப்பது நின்று, புரட்டுவது தொடங்கும். ஆதலின், கட்டணஞ் செலுத்திச் சேர எண்ணுவோர் விளம்பரத்தில் நிகழ்படங்கள் எத்துணை என்று பாராது, 'என் வரைவைப் படிப்பவர் யார்? எத்தனை முறை படிப்பார்? அவர்க்கு மாணாக்கர் எத்தனை பேர்?' என வினவுக. விடை வராத வகுப்பிற் பணத்தைச் செலுத்தாமை நலம்.

வேறொரு வழியும் உண்டு. பீட்டர் எல்போ என்னும் அமெரிக்க ஆசிரியர் 1973-ல் வெளியிட்ட நூலில், ஆசிரியர் இன்றியே எழுதுவோர் சிலர் வாரந்தோறும் கூடித் தம் எழுத்தைப் படித்துக் காட்டும் வகுப்பொன்றை விளக்கினார். அதில் வாசகர் தீர்ப்புக் கூறுதல் வேண்டா. படிக்குங்கால் தம் உள்ளத்தில் நிகழ்ந்ததை மட்டும் கூறல் வேண்டும். எழுதியவர் வாதாடாது வாய்மூடிக் கேட்டல் வேண்டும். இவ்விரண்டில் முன்னையது எளிது. பின்னையது மிக அரிது என்பதை முயன்றார் அறிவர்.

இனி, இக்காலத்துப் புதியதோர் இடரைக் கூறாது விடுதல் இயலாது. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இரண்டு வரி கட்டளையிட்டாற் பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு வியாசத்தைக் கணிப்பொறியே எழுதித் தருகின்றது. இதனாற் பயிற்சி வீண் என்பார் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இப்பாடத்தின் பயன் முடிந்த வியாசத்தில் இல்லை. முதல் வரைவிற்கும் இரண்டாம் வரைவிற்கும் இடையே எழுதியவன் உள்ளத்தில் நிகழும் மாற்றத்தில் உளது. இயந்திரத்தின்பாற் பெற்ற வியாசத்திற்கு அவ்விடைவெளி இல்லை. எனினும், நேர்மையாக எழுதுவோர்க்கும் இதனால் துன்பம் உண்டு. இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவிகள் எனப் பெயர்பெற்ற சிலவற்றை ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் டோபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய வியாசங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றை அக்கருவிகள் இயந்திரம் எழுதியன எனத் தவறாகக் குறித்தன. எளிய சொற்களையும் பழகிய தொடர்களையும் ஆளுதலே அவர் செய்த குற்றம்! நம்மவர் எழுத்தும் அத்தகையதே ஆதலின், இத்தகைய வகுப்பிற் சேர்வோர் தம் குறிப்புக்களையும், ஒவ்வொரு வரைவையும், நாள் குறித்துத் தனித்தனியே பேணி வைத்தல் இன்றியமையாதது. ஐயம் எழுப்பப்படின் அவையே சான்றாகும். முதல் வரைவைக் கையால் எழுதுவோர்க்கு இவ்வச்சம் இன்னும் குறைவு.

மேற்கோள் காட்டும் முறையிலும் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் பண்டை உரையாசிரியர் பலர் மேற்கோட் செய்யுளை நூற்பெயர் சுட்டாதே எடுத்தாண்டனர். கற்றார் அவையில் அஃது எந்நூலது என்பது யாவர்க்கும் தெரியும் என்பது அவர் துணிவு. பிற்காலத்துப் பதிப்பாசிரியர்க்கு அவற்றின் இருப்பிடம் தேடுதல் பெரும்பணியாயிற்று. ஆங்கில வியாசத்திலோ, பிறர் சொல்லைக் கூறினும் பிறர் கருத்தைத் தம் சொல்லாற் கூறினும் அஃது எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதைச் சுட்டுதல் வேண்டும். எம்.எல்.ஏ. என்றும் ஏ.பி.ஏ. என்றும் இதற்கு முறைகள் பலவுள. அவற்றை மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. பர்டியூ சர்வகலாசாலையார் 1994 முதல் இணையத்தில் எவரும் காண வைத்துள்ள எழுத்துக்கூடத்தில் எல்லாம் விளக்கமாக உள்ளன.

காலக்கணக்கு ஒன்றும் கூறவேண்டும். வரைவை ஒப்புவிக்கும் கெடு, அந்நாட்டின் கிழக்குப் பகுதிக் கலாசாலைகளில் இரவு 11.59 எனக் குறிக்கப்பட்டிருப்பின், நமக்கு அது குளிர்காலத்தில் மறுநாட் காலை 10.29; மார்ச்சுத் திங்களின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பரின் முதல் ஞாயிறு வரை 9.29. காலை வகுப்புள்ளோர் இதனை மறவாது குறித்துக்கொள்க.

எம் பொது வகுப்பு முடிந்து சில திங்கள் ஆயின. அதன்பின், வரைவைப் படிப்பார் இன்றி எழுதுதல் எமக்குச் சுவைக்கவில்லை. ஆகவே யாம் மூவரும் வேறு நால்வரைச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமை மாலைதோறும் நூல்நிலையத்தின் பின்கட்டிற் கூடி வருகின்றோம். இருவர் பௌதிக வகுப்பினர். அவர்க்குத் தமிழ்ச் செய்யுள் மரபு தெரியாது என்பதனாலேயே அவரை விரும்பி அழைத்தோம். சங்கப் பாடலின் திணையைப் பற்றி யாம் எழுதிய வியாசத்தைப் படித்து, 'திணை என்றால் நிலமா, ஒழுக்கமா?' என அவருள் ஒருவர் வினவினார். அவ்வினாவுக்கு இரண்டு பக்கத்தில் விடை எழுதிய பின்னரே, மூன்று ஆண்டுகளாகத் தேர்வில் யாம் எழுதி வந்த அச்சொல் எமக்கு முழுதும் விளங்கிற்று. ஆங்கிலம், தமிழ் என்னும் வேறுபாடு இன்றி இரு மொழி வியாசங்களும் அங்குப் படிக்கப்படுகின்றன. எழுவர்க்கு மேல் ஐவர்க்கு இன்னும் இடமுண்டு. வருவோர் தம் வரைவின் மூன்று படிகளைக் கொணர்க. முடிந்த வியாசம் வேண்டா.